ஈமானின் மகிழ்ச்சியும் நம் மலையகக் கதைகளும்

ஊவாத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு நம்மவர் எழுதும் கதைகளில் ஒரே முடிவு அடிக்கடி வருகிறது. லயம் இடிகிறது, அல்லது பிள்ளை நோயில் மௌத்தாகிறது. கடைசிப் பந்தியில் ஒரு பெரியவர் வந்து, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்" என்கிறார். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கதை முடிகிறது. ஈமான் தரும் மகிழ்ச்சியைச் சொல்லத்தான் ஆசிரியர் விரும்பியிருப்பார். எனக்கோ அந்த இடத்தில் அழாதே என்ற அதட்டல்தான் கேட்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வர வீடு இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இப்படியொரு துயரத்தை எழுதும்போது 'நாட்டம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவர்களும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்வார்கள். கத்ரை நம்புவது வேறு; மனிதரின் அலட்சியத்தைக் கத்ரின் கணக்கில் எழுதுவது வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அப்படியானால் துன்பத்தில் மகிழ்ச்சி என்பது பொய்யா? இல்லை. அல்இன்ஷிராஹ் என்ற 94ஆம் அத்தியாயம், கஷ்டத்தையும் இலகுவையும் இணைக்க 'மஅ' என்ற சொல்லை இரண்டு தடவை கையாள்கிறது. அதன் பொருள் 'உடன்'. நம் கதாசிரியர்கள் அதைப் 'பிறகு' என்று வாசித்துவிடுகிறார்கள். அதனால்தான் ஒன்பது பக்கம் துன்பமும் பத்தாம் பக்கத்தில் திடீர் ஆறுதலுமாகக் கதை இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

யூசுபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அழுதழுது பார்வையை இழந்தார்கள். அழகிய பொறுமை என்ற சொல்லும் குர்ஆனில் அவர்கள் வாயிலிருந்தே வருகிறது. கண்ணீருக்கும் ஈமானுக்கும் பகையில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். முனாஜாத்து என்ற பா வகையே இறைவனிடம் குறையை நேராகச் சொல்லி இரக்கும் வடிவம். 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, பராபரக் கண்ணியில் அடிக்கடி இறைவனை விளித்து ஏங்குகிறார். அந்த விளிப்பிலேயே ஓர் இன்பம் இருக்கிறது. கேட்க ஒருவன் இருக்கிறான் என்று அறிந்தவனின் இன்பம் அது. இன்றைய நம் கதைமாந்தரோ அல்லாஹ்வைப் பற்றிப் பேசுகிறார்கள், அல்லாஹ்விடம் பேசுவதில்லை.

நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் என்கிறது நபிமொழி: ஒன்று நோன்பு திறக்கும்போது, மற்றது இறைவனைச் சந்திக்கும்போது. முதலாவது மகிழ்ச்சி பசித்த வயிற்றில்தான் பிறக்கிறது. பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கொழுந்து குறைந்து அன்று அவளுக்கு அரைப்பேர்தான். ஆனாலும் பள்ளியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியில் ஒரு கோப்பையைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தனுப்புகிறாள். அங்கே இருப்பவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சம்பளம் கூடவில்லை, கூரை ஒழுகுவதும் நிற்கவில்லை. ஆயினும் கொடுப்பதற்கு அவளிடம் ஒன்று இருக்கிறது. பெரியவர் யாரும் வந்து விளக்காமல், அந்த மாலைப் பொழுதை அப்படியே எழுதினால் போதும்.

மறுநாள் காலை அவள் பெரட்டுக்களத்தில் நின்று அரைப்பேருக்கு நியாயம் கேட்கட்டும். அதுவும் அதே ஈமான்தான். இரண்டையும் ஒரே பெண்ணுக்குள் எழுதிக் காட்டும் கதைக்காகவே காத்திருக்கிறேன்.