வென்ற ஆட்டத்தை முடிக்கும் வித்தை

செஸ் நிரல்களின் பலத்தை அவை தரும் திறப்பு ஆட்டத்தையும் தியாகங்களையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறோம். ஜெயிக்கும் நிலை கிடைத்த பிறகு அதை எப்படி முடிக்கின்றன என்பதே எனக்கு மேலான உரைகல். சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் இரு தரப்பும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கோரலாம் என்ற விதி இருக்கும்வரை, ஜெயிக்கும் நிலையும் ஜெயமும் ஒன்றல்ல.

ஸ்பெயினின் டோரஸ் கெவேடோ 1912இல் செய்த இயந்திரமே இந்த மரபின் மூத்தது. ராஜாவும் யானையும் கொண்டு தனி ராஜாவை அது மடக்கியது. குறுக்கு வழி தெரியாது; சில நிலைகளில் 50 நகர்த்தலும் கடந்துவிடும். அமெரிக்காவின் ஸ்லேட், அட்கின் இருவரும் 1970களில் எழுதிய நிரல் அடுத்த படி ஏறியது: எதிரி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளு, உன் ராஜாவை அருகே கொண்டு வா என இலக்குக்கு மதிப்பெண் கொடுத்தது.

பிறகு, குறைந்த காய்களே மிஞ்சிய நிலைகளின் விடையை முன்பே கணக்கிட்டு வைக்கும் முடிவுநிலை அட்டவணைகள் வந்தன. இவற்றில் இரண்டு வகை. நலிமோவ் அட்டவணை செக்மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்று எண்ணும். 50 நகர்த்தல் விதியைக் கணக்கில் கொள்ளாது. மாஸ்கோவின் லோமோனோசோவ் அட்டவணை அப்படித்தான் 7 காய்களில் 549 நகர்த்தல் நீளும் ஒரு வெற்றியைக் கண்டெடுத்தது; பலகையில் அது டிராதான். ரோனால்ட் டி மான் 2013இல் தந்த சிஸிஜி அட்டவணையோ, அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ உள்ள தூரத்தை எண்ணும். விதிக்கு இதுவே பொருத்தம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பின்பற்றும் நிரல், எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கத் தன் காயையே தேவையின்றிக் கொடுத்துவிடும். வெற்றி கெடுவதில்லை, அழகு கெடுகிறது. அட்டவணையை வெற்றியின் காவலாக மட்டும் வைத்து, நகர்த்தலைத் தேடலுக்கு விடும் இன்றைய ஸ்டாக்ஃபிஷ் நிரலின் வழி எவ்வளவோ மேல்.

நரம்பு வலையோடு வந்த லீலா என்ற நிரலின் சிக்கல் வேறு. தொடக்கத்தில் அதற்கு வெற்றி வாய்ப்பு மட்டுமே தெரிந்திருந்தது. 99 சதவீதம் என்றான பின் எந்த நகர்த்தலும் 99தான்; எனவே அவசரமே இல்லை. காய்கள் அங்குமிங்கும் உலாவும், சிப்பாய் காத்துக் கிடக்கும். பார்ப்பவருக்குப் பொறுமை போகும். 2020இல், ஆட்டம் முடிய இன்னும் எத்தனை நகர்த்தல் என்று மதிப்பிடவும் வலைக்குக் கற்றுத்தந்தார்கள். வாய்ப்புகள் சமமாகும்போது குறுகிய வழியை அது எடுக்கத் தொடங்கியது. முடிக்கும் வழியை ஊட்டாமல் நேரவுணர்வை ஊட்டிய இந்தத் தீர்வே என் மனத்துக்கு மிக நெருக்கமானது. தோற்கும் நிலையிலும் அதே மதிப்பீடு பயன்படுகிறது: ஆட்டத்தை நீட்டும் நகர்த்தலைத் தேர்ந்து, எதிரி தன் வெற்றியைக் கடைசிவரை நிரூபிக்க வைக்கிறது.