கடைசியாக வந்த அணி

1943ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் பேஸ்பால் லீகின் முதல் பருவத்தில் ராக்ஃபோர்ட் பீச்சஸ் அணி நான்காம் இடம் பெற்றது. இருந்ததே நான்கு அணிகள்தாம். பென்னி மார்ஷல் இயக்கிய ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ (1992) படத்திலோ, அதே ஆண்டில் அதே அணி இறுதித் தொடரின் கடைசி ஆட்டம்வரை வந்து, ரஸீன் பெல்ஸ் அணியிடம் மயிரிழையில் தோற்கிறது. உண்மையில் அந்த ஆண்டு ரஸீன் அணி வென்றது கெனோஷா காமெட்ஸ் அணியை.

இந்த மாற்றத்தை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகப் படத்துக்கு ஓர் உச்சக்கட்டம் வேண்டும். அதைவிட, படம் சரியாகச் செய்திருப்பவை நிறைய. சூயிங்கம் முதலாளி ஃபிலிப் ரிக்லி தொடங்கிய லீக் இது. படத்தில் அவர் சாக்லேட் முதலாளி ஆகிவிடுகிறார். ஆட்டக்காரிகள் குட்டைப் பாவாடையில் ஆட வேண்டும், உதட்டுச்சாயம் பூச வேண்டும், முடியை ஆண்களைப்போல வெட்டக்கூடாது. நடை உடை பாவனைக்குத் தனி வகுப்பு. கூடவே ஒரு காவல் பெண்மணி. பேஸ்பாலில் தளத்தைத் தொட மண்ணில் சறுக்கி விழ வேண்டியிருக்கும். பாவாடையோடு சறுக்கினால் தொடைத்தோல் உரியும். படத்தில் நாம் பார்க்கும் அந்தக் கன்றிப்போன தொடை ஒப்பனை அல்ல. நடித்த ரெனே கோல்மனுக்கு உண்மையிலேயே ஏற்பட்ட காயம். பெண்ணின் திறமையை விற்பதற்கு முன் அவளது ‘பெண்மை’யை விற்றாக வேண்டும் என்ற கணக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

படத்தை வகுப்பில் திரையிட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அடுத்த வருஷம் அவங்க விளையாடலையா?”

கேள்வி நியாயமானது. நாயகி டாட்டி போரிலிருந்து கணவன் திரும்பியதும் அணியை விட்டுப் போகிறாள். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்து ஆடிவிட்டு மீண்டும் கிளம்பிவிடுகிறாள். அடுத்து நாம் காண்பது 1988, கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகம், நரைத்த தலைகள். இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள் வெற்றிடம். ஆண்கள் போருக்குப் போனார்கள், பெண்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள், பிறகு வீடு திரும்பினார்கள் என்றே பார்ப்பவர் மனதில் பதிகிறது.

ஆனால் லீக் 1954வரை நடந்தது. பன்னிரண்டு பருவங்களில் ஒன்பது, போர் முடிந்த பிறகு வந்தவை. பார்வையாளர் கூட்டம் உச்சம் தொட்டது 1948இல், ஒன்பது லட்சத்துக்கும் மேல். ஆண்கள் எப்போதோ திரும்பிவிட்டிருந்தார்கள்! பீச்சஸ் அணி பட்டம் வென்றது 1945, 1948, 1949, 1950 ஆகிய ஆண்டுகளில். படம் அந்த அணியின் மோசமான பருவத்தை எடுத்து ஏற்றி வைத்துவிட்டு, சிறந்த பருவங்களை விட்டுவிடுகிறது.

டாட்டி கமென்ஷெக் என்று உண்மையில் ஒருவர் இருந்தார். பதினேழு வயதில் ராக்ஃபோர்டில் சேர்ந்து பத்துப் பருவங்கள் ஆடினார். 1946, 1947 இரண்டு ஆண்டும் மட்டையடிச் சராசரியில் முதலிடம். 3,736 முறை மட்டை பிடித்ததில் பந்தைத் தவறவிட்டு மூன்று ஸ்டிரைக்கில் வெளியேறியது வெறும் 81 முறை. ஃபோர்ட் லாடர்டேல் ஆண்கள் அணி ஒன்று அழைத்தபோது மறுத்துவிட்டார். பின்னாளில் இயன்முறை மருத்துவரானார். இவருக்கு ஆட்டம் ஒரு கோடைக்கால விடுப்பு அல்ல, பிழைப்பு. திரையிலுள்ள டாட்டி கடைசியில் பந்தைத் தங்கைக்காக வேண்டுமென்றே நழுவவிட்டாளா என்று மாணவிகள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். எனக்கு அதில் சுவாரசியம் குறைந்துவிட்டது. விட்டுக்கொடுக்கும் பெண்ணை நாம் போதுமான அளவு பார்த்தாயிற்று.

1943இலேயே கடிகாரத்தை நிறுத்துவதில் இன்னொரு வசதியும் உண்டு. படத்தில் சில நொடிகள் ஒரு கறுப்பினப் பெண் வருகிறாள். வேலிப்பக்கம் உருண்ட பந்தை எடுத்து, அருகில் நிற்கும் டாட்டியைத் தாண்டி வெகுதூரத்துக்கு வீசுகிறாள். பெயரில்லை, வசனமில்லை. நல்ல காட்சிதான். “அந்தக் காலம் அப்படி” என்று நாமும் கடந்துவிடலாம். ஆனால் 1947இல் ஜாக்கி ராபின்சன் ஆண்கள் லீகின் நிறத்தடையை உடைத்த பிறகும், பெண்கள் லீக் மூடப்படும்வரை ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூடச் சேர்க்கவில்லை. தேர்வுக்குப் போன மேமி ஜான்சனைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் 1953இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணியில் சேர்ந்து ஆண்களுக்குப் பந்து வீசினார். அதே ஆண்டு ராக்ஃபோர்டில் கமென்ஷெக் தன் கடைசிப் பருவத்தை ஆடிக்கொண்டிருந்தார்.