நாதஸ்வரக் காதுக்கு ஒரு ஜாஸ்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கி வரும்போது, முன்னால் போகும் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த பினாங்குக்காரர்களுக்கு ஓர் ஆல்பத்தைச் சொல்ல வேண்டும்: ருத்ரேஷ் மகந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’, 2008. புதுப்பாணி ஜாஸ் என்றாலே ஒதுங்குகிறவர்கள் பலர். இதற்குள் நுழைய நமக்குத்தான் சுலபம் என்பது என் கட்சி.

காரணம், இதில் ருத்ரேஷுடன் சேர்ந்து சாக்ஸபோன் வாசிக்கும் கத்ரி கோபால்நாத். ‘டூயட்’ படத்தில் (1994) நம்மைக் கட்டிப்போட்ட அதே சாக்ஸபோன். நாதஸ்வரக்காரரின் மகன், மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் பின்னால் போனவர். நாதஸ்வரம், சாக்ஸபோன் இரண்டும் கூம்புக் குழல்கள், இரண்டிலும் அதிர்வது நாணல். ஆனால் நாதஸ்வரத்தில் விரலால் துளையைப் பாதி மூடி ஸ்வரத்தை வளைக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒரு மூடி. அந்த வளைவு, அதாவது கமகம், உதட்டிலும் மூச்சிலும் பிறந்தாக வேண்டும். கத்ரி தன் கருவியையே அதற்காக மாற்றியமைத்துக்கொண்டார்.

ஆல்பத்தில் இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன்தான். ஆனாலும் யார் வாசிக்கிறார் என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும். கத்ரி ஒரு ஸ்வரத்தில் நேராகப் போய் நிற்கமாட்டார். கீழிருந்து இழைந்து ஏறி, சற்றே அசைத்துவிட்டு, அடுத்ததற்கு வழுக்குவார். அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் ஸ்வரத்தை வெட்டி எடுப்பார். தொனியில் ஒரு கரகரப்பு, அவசரம். ஒருவர் மற்றவருக்காகத் தன் பாஷையை மாற்றிக்கொள்ளவில்லை. கலப்பிசைக் கச்சேரிகளில் வழக்கமாக வரும் அந்த மரியாதை நாடகம் இதில் கிடையாது.

ஜாஸின் ஸ்வரக்கூட்டுகள் (கார்டுகள்) அடிக்கடி மாறினால் ராகத்துக்கு மூச்சு முட்டும். அது தெரிந்தே ராகத்துக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார் ருத்ரேஷ். ட்ரம்ஸும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் சேர்ந்து முழங்கும் சில இடங்கள் எனக்கு நெரிசலாகப் படுகின்றன. நடுநடுவே தனித்தனியாக வரும் சின்ன ஆலாபனைகள் அந்தக் குறையை மறக்கடித்துவிடுகின்றன. வயலின் கலைஞர் கன்யாகுமரியின் வாசிப்புக்காகவே ஒருமுறை தனியாகக் கேட்கலாம்.

கத்ரி 2019இல் காலமாகிவிட்டார். இந்த ஜோடியை இனி நேரில் கேட்க முடியாது. அதனால் ஆல்பத்தை வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடாதீர்கள். ‘கல்யாணி’ என்ற பாட்டில் தொடங்குங்கள். பிடித்துவிட்டால், முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.