மேற்பார்வையாளரின் சிந்தனைக் கருவிகள்: குமரி மாவட்டத் தொழில்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தொழிலிடத்தில் மேற்பார்வையாளர் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர். உற்பத்தி குறைந்தாலும், சரக்கு தரமில்லை என்று திரும்பி வந்தாலும், ஒருவருக்குக் காயம் பட்டாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அந்தப் பதில் ஊகமாக இல்லாமல் ஆராய்ந்து சொன்னதாக இருப்பதற்காகச் சில எளிய கருவிகள் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது, மீன்முள் வரைபடம், சரிபார்ப்புத் தாள், பரேட்டோ வரைபடம், திட்டமிட்டுச் செய்து சரிபார்த்துத் திருத்தும் சுழற்சி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளமானோருக்கு வேலை தரும் ரப்பர் பால்வெட்டிலும் முந்திரிப் பருப்புப் பதனிடுதலிலும் இவற்றைப் பொருத்திப் பார்த்தால், பலமும் குறையும் ஒருசேரப் புலப்படும். காரணத்தைத் தேடும் ஒழுங்கை இக்கருவிகள் தருகின்றன. அந்தக் காரணத்தை வெளியே சொல்லும் துணிவைத் தொழிலாளிக்கோ, அதை நீக்கும் அதிகாரத்தை மேற்பார்வையாளருக்கோ அவை தருவதில்லை.

பிறந்த இடமும் வந்த இடமும்

இக்கருவிகளில் முக்கியமான சில ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருப்பெற்றவை. ஐந்து முறை 'ஏன்' கேட்கும் வழக்கம் சாகிச்சி டொயோடாவிடம் தொடங்கியது. டாயிச்சி ஓனோ அதை டொயோட்டா உற்பத்தி முறையின் அடித்தளமாக்கினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. இயந்திரம் நின்றதற்கு ஃபியூஸ் போனது காரணம்; அதற்குப் பேரிங்கில் எண்ணெய் போதாமை காரணம்; அதற்குப் பம்பு சரியாக இறைக்காதது காரணம்; அதற்குப் பம்பின் தண்டு தேய்ந்தது காரணம்; அதற்கு வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே புகுந்தது காரணம். ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும்.

ஒரு சிக்கலின் காரணங்களை வகைவாரியாக முட்களாகப் பிரித்துக் காட்டும் மீன்முள் வரைபடத்தைக் கவோரு இஷிகாவா 1940-களில் அறிமுகப்படுத்தினார். தொழிலாளர்களே கூடிச் சிக்கல்களை ஆராயும் தர வட்டங்கள் 1962-இல் ஜப்பானில் தொடங்கின. இந்தியாவில் முதல் தர வட்டம் 1980-இல் ஹைதராபாத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில் (BHEL) அமைந்தது. 1998-இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசைப் பெற்றபோது, இம்முறைகளைத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையிலும் முழுமையாகக் கையாள முடியும் என்பது உறுதியானது.

குமரி மாவட்டத்தின் சூழல் வேறு. இங்கே பொருளைத் தருவது உயிருள்ள மரம். வேலை நாளைத் தீர்மானிப்பது மழை. கூலியின் ஒரு பகுதி எடையைப் பொறுத்தது. மேற்பார்வைக்கும் இங்கே தனி வரலாறு உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இம்மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அத்தோட்டங்களை நடத்த 1984-இல் அரசு ரப்பர் கழகம் நிறுவப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் அவர்களின் முன்னோர் கண்ட மேற்பார்வையாளர் கங்காணி. ஆள் சேர்ப்பதும், முன்பணம் கொடுத்துக் கடனில் வைப்பதும், தலை எண்ணுவதும் அவர் வேலை. மேற்பார்வை என்றால் காவல் என்று பல தலைமுறையாகப் பழகியவர்களிடம் 'ஏன்' என்ற கேள்வி, விசாரணையாகவே முதலில் காதில் விழும். ஜப்பானியப் பாடநூல்கள் எதிர்பாராத தடை இது.

பலங்கள்

முதல் பலம், அவசர முடிவைத் தடுப்பது. ஒரு தோட்டத்தின் ஒரு பகுதியில் பால் குறைகிறது என்று கொள்ளலாம். தொழிலாளி ஒழுங்காக வெட்டவில்லை என்பதே மேற்பார்வையாளரின் மனத்தில் முதலில் எழும் விடை. தொடர்ந்து கேட்டால் வேறு வழி திறக்கும். ஏன் குறைந்தது? பல மரங்களில் பட்டை வறண்டு பால் நின்றுவிட்டது. ஏன் வறண்டது? ஓய்வு நாள் விடாமல் அடுத்தடுத்து வெட்டப்பட்டது. ஏன்? மழையில் போன நாள்களை ஈடுகட்ட வேண்டியிருந்தது. அத்தனை நாள்கள் ஏன் போயின? வெட்டுக்கு மேலே கட்ட வேண்டிய பிளாஸ்டிக் மழைக்கவசம் ஜூன் மழைக்கு முன் கட்டப்படவில்லை. ஏன்? பிளாஸ்டிக்கும் ஒட்டுப்பசையும் தாமதமாக வந்தன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இந்தத் தாமதத்தின் விலை அதிகம். கத்தி பிடித்த கையில் தொடங்கிய தேடல் கொள்முதல் அலுவலகத்தில் போய் முடிகிறது.

இரண்டாவது பலம், சிதறிக் கிடக்கும் அறிவை ஓரிடத்தில் சேர்ப்பது. முந்திரி ஆலையில் உடைந்த பருப்பின் அளவு கூடினால் நட்டம் பெரிது. முழுப் பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் விலை வேறுபாடு மிகுதி. உடைவதற்குக் காரணங்களோ பல. அளவு பிரிக்காத கொட்டையை ஒன்றாக ஆவியில் வேகவைத்தால் சிறியது மிஞ்சி வேகும், பெரியது வேகாமல் நிற்கும். வெட்டும் கருவியின் இடைவெளி கொட்டையின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் பருப்பு நசுங்கும். போர்மா என்னும் உலர்த்தும் அறையில் அதிகம் காய்ந்தால் பருப்பு நொறுங்கும். குறைவாகக் காய்ந்தால் தோல் ஒட்டிக்கொண்டு, கத்தியால் சுரண்டும்போது உடையும். மழைக்காலத்தில் காய்ந்த பருப்பு மீண்டும் ஈரம் இழுக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரிவுப் பெண்களுக்குத் தெரியும். முழுதும் ஒருவருக்குத் தெரியாது. மீன்முள் வரைபடத்தைச் சுவரில் மாட்டி எல்லாப் பிரிவினரையும் பேசவைத்தால், தோல் உரிப்பவரின் கைத்தவறு என்று எண்ணியது போர்மாவின் வெப்பத்தில் இருப்பது தெரியவரும்.

மூன்றாவது பலம், எளிமை. வறண்ட மரங்களை வெட்டுப்பகுதி வாரியாக மாதந்தோறும் எண்ணிக் குறிக்கும் ஒரு தாள் போதும். எந்தப் பகுதியில் எப்போதிலிருந்து நிலை கெட்டது என்பதைக் கணினியோ புள்ளியியல் படிப்போ இல்லாமல் அது காட்டிவிடும்.

குறைகள்

ஐந்து முறை 'ஏன்' கேட்பது ஒற்றைக் கோட்டில் நடப்பது. இயந்திரக் கோளாறுக்கு அது பொருந்தும். உயிருள்ள மரத்துக்கு முழுதாகப் பொருந்தாது. பால் குறைவதற்கு வறட்டுப் பட்டை மட்டும் காரணமில்லை. ஆண்டின் தொடக்கத்து இலையுதிர்வு, தளிரில் படரும் சாம்பல் நோய், விடியலுக்குப் பின் தாமதமாக வெட்டுவது ஆகியவையும் காரணங்கள். வெட்டின் ஆழமும் நுட்பமானது. பால் குழாய்கள் கேம்பியம் என்னும் வளர்திசுவை ஒட்டியே அடர்ந்திருப்பதால், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முடிச்சுமுடிச்சாக வளரும். இத்தனை காரணங்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும்போது, முதல் கேள்விக்கு எந்த விடையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. ஒரே சிக்கலை இரண்டு மேற்பார்வையாளர்கள் ஆராய்ந்து இரண்டு மூலகாரணங்களுக்குப் போய்ச் சேரலாம்.

இரண்டாவது குறை, 'ஏன்' என்பது 'யார்' என்று திரும்பிவிடுவது. தொழிலாளியின் கவனக்குறைவு என்ற விடை கிடைத்ததும் பல ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. அந்த விடையை ஏற்றுக்கொள்ள எவருக்கும் செலவில்லை என்பதே அதன் ஈர்ப்பு. தவறைச் சொன்னால் கூலி பிடிக்கப்படும் இடத்தில் சரிபார்ப்புத் தாளிலும் உண்மை ஏறாது.

மூன்றாவது குறை ஆழமானது. மீன்முள் வரைபடத்தின் வழக்கமான ஆறு முட்கள் ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை, அளவீடு, சுற்றுச்சூழல் என்பவை. கூலி முறைக்கு அதில் தனி இடம் இல்லை. உரித்த எடைக்குக் கூலி என்றால் வேகம் கூடும். வேகம் கூடினால் பருப்பு உடையும். நிர்ணயித்த அளவுக்கு மேல் கொண்டுவரும் பாலுக்குக் கூடுதல் தொகை என்றால் ஆழமாக வெட்டும் தூண்டுதல் அந்தத் தொகையிலேயே இருக்கிறது. இவை தொழிலாளியின் குணத்திலிருந்து வருபவை அல்ல. நிர்வாகம் வகுத்த விதியிலிருந்து வருபவை. அந்த விதி வரைபடத்தில் இடம்பெறாதவரை ஆய்வு அரைகுறையே.

பரேட்டோ வரைபடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடிக்கடி நேர்வதை அது முன்னே வைக்கிறது. அரிதாக நேர்ந்து உயிரைப் பறிப்பதைக் கடைசியில் தள்ளுகிறது. விடியலுக்கு முன் தலைவிளக்குடன் தோட்டத்தில் இறங்குபவருக்குப் பாம்புக்கடி அரிய நிகழ்வு. எண்ணிக்கையில் அது கத்திக் கீறலுக்குப் பின்னால்தான் வரும். பாதுகாப்பை எண்ணிக்கை கொண்டு மட்டும் வரிசைப்படுத்துவது ஆபத்தானது.

சோதித்துத் திருத்தும் சுழற்சியின் சிக்கல் காலம். போர்மாவின் வெப்பத்தை மாற்றினால் விளைவு அடுத்த சரக்கிலேயே தெரியும். மூன்று நாளுக்கு ஒருமுறை பால்வெட்டு என்று மாற்றினால், மரத்தின் நலத்தில் அதன் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் மேற்பார்வையாளர் மாற்றலாகிவிட்டால், தொடங்கிய சோதனையின் பாடம் எவருக்கும் கிடைப்பதில்லை.

பயன்பாட்டுக்கான நிபந்தனைகள்

இக்குறைகளுக்காகக் கருவிகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சில நிபந்தனைகளோடு கையாள வேண்டும். ஒவ்வொரு 'ஏன்' கேள்விக்கும் கிடைத்த விடையை மரத்தடியிலோ போர்மா வாசலிலோ நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். ஒரு விடைக்கு இணையாக மற்றொரு காரணமும் இருக்கக்கூடுமானால் அதற்குத் தனிக் கோடு இழுக்க வேண்டும். மீன்முள்ளில் கூலியும் விதிமுறையும் ஏழாவது முள்ளாக இடம்பெற வேண்டும். உயிராபத்து உள்ளவற்றுக்கு எண்ணிக்கை பாராத தனிப் பட்டியல் வேண்டும். நெடுங்காலச் சோதனைகளின் பதிவேடு ஆளோடு போகாமல் தோட்டத்தோடு தங்க வேண்டும். ஆய்வுக்காகத் தொழிலாளி சொன்னது தண்டனைக்குப் பயன்படாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்பார்வையாளரின் எல்லைக்கு அப்பால் உள்ள காரணம் மேலே போய்ச் சேர ஒரு வழியும், அதற்குக் குறித்த நாளுக்குள் பதில் தரும் கடமையும் நிர்வாகத்துக்கு இருக்க வேண்டும். மழைக்கவசம் தாமதமானதே மூலகாரணம் என்று கண்டுபிடித்த மேற்பார்வையாளருக்கு அடுத்த ஆண்டும் ஜூலையில்தான் பிளாஸ்டிக் வருமென்றால், அவர் கற்ற கருவி பயனற்றது என்றே முடிவு செய்வார். மேற்பார்வையாளருக்குப் பயிற்சி தருவது எளிது. அவர் கண்டறிந்ததை ஏற்று விதியையும் கொள்முதலையும் கூலியையும் திருத்துவதே கடினம். சிந்தனைக் கருவிகளின் வெற்றி இந்த இரண்டாவது வேலையைப் பொறுத்தே அமைகிறது.