குறுக்குவில்லும் கூட்டுப் பழியும்

கோல்றிட்ஜின் 'முதிய மாலுமி'ப் பாட்டை (1798) உயிர்களிடத்து அன்பு கற்பிக்கும் பாட்டென்று கூறி அமைவோர் பலர். எமக்கு அது போதவில்லை.

அதற்கு மூலம் ஒரு கடற்பயணநூல். ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடச் சென்ற ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவர் ஷெல்வொக் 1726இல் வெளியிட்டது. 1719இல் தென்னமெரிக்க முனையருகே, அக்கப்பலைத் தொடர்ந்த கரிய அல்பற்றோஸ் பறவையொன்றைத் தீநிமித்தமென்று அஞ்சி, ஹற்லி என்பான் கொன்றதாக அந்நூல் கூறும். நூலைப் படித்திருந்த வேட்ஸ்வேத் இச்செய்தியை நண்பருக்கு எடுத்துரைத்தார். கோல்றிட்ஜோ கொன்றவன் கையிற் குறுக்குவில்லைக் கொடுத்து, அச்சத்தை நீக்கிவிட்டார். காரணமற்ற கொலை எஞ்சிற்று. (சூறையாடலும் உடன் மறைந்தது; அது எம்மை உறுத்துகின்றது.)

ஆயினும் பாட்டின் உயிர் எய்தவனிடத்து இல்லை. காற்றைத் தந்த பறவையைக் கொன்றாயே என்று முதலில் அவனைத் தூற்றிய தோழர், மூடுபனி விலகி வெயில் எறித்ததும், பனியைக் கொணர்ந்த பறவை ஒழிந்தது நன்றே என்கின்றனர். நாணைத் தொடாத கைகளும் அக்கணத்திற் கறைபட்டன. 1817இல் கவிஞர் சேர்த்த ஓரக்குறிப்பும் அவர்களைக் குற்றத்திற் பங்காளிகளென்றே சொல்லுகின்றது. ஆதாயம் கண்டவுடன் நியாயத்தை மாற்றும் கூட்டத்தை நாம் அறியாதவரல்லேம்.

தண்டனையிலேதான் எமக்கு உடன்பாடில்லை. ஆமோதித்த இருநூறு பேரும் மாள்கின்றனர். எய்தவனோ, துன்புற்றாலும், உயிர்தப்பிக் கதைசொல்லித் திரிகின்றான். இவ்வேறுபாட்டைப் பாட்டிலே தீர்ப்பது ஒரு சூதாட்டம். நியாயம் கேட்டு நிற்கும் வாசகனுக்கு அது விடையாகாது.