சைக்கிள் ஆட்டம்: மந்தைவெளி வட்டமும் அறிவொளி ஊர்வலமும்

சைக்கிள் ஆட்டம் என்பது மிதிவண்டியை ஆட்டத் துணையாகக் கொண்டு பொதுவெளியில் நிகழ்த்தப்படும் கலை. தமிழ்நாட்டில் இதற்கென நிலைத்த பெயர் ஏதும் இல்லை. சைக்கிள் சுற்றுவது, சைக்கிள் வித்தை என்று ஊருக்கு ஊர் சொல்வழக்கு மாறும். நாட்டார் கலைகளின் பட்டியல்களில் தெருக்கூத்துக்கும் கரகத்துக்கும் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. இரும்பும் ரப்பரும் கலந்ததால் இது 'மரபு' ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். ஒலிபெருக்கி ஏறிய கூத்தை மரபு என்று ஏற்கிறவர்கள் இதை மட்டும் விலக்குவதற்கு நியாயம் இல்லை.

மந்தைவெளி நிகழ்ச்சி

1960-களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழகக் கிராமங்களில் இது பெரும் கேளிக்கையாக இருந்தது. ஊர் மந்தையிலோ பள்ளித் திடலிலோ கயிறு கட்டி வட்டம் அமைப்பார்கள். நடுவில் கம்பம், குழல் விளக்கு, மைக் செட். சைக்கிள்காரர் மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று அறிவித்துவிட்டு, கால் தரையில் படாமல் இரவும் பகலும் சுற்றுவார். சாப்பிடுவதும் பல் துலக்குவதும் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதும் உடை மாற்றுவதும் ஓட்டத்திலேயே நடக்கும். மாலையில் கூட்டம் சேர்ந்ததும் வித்தைகள் தொடங்கும். ஹேண்டில்பாரில் பின்புறம் திரும்பி உட்கார்ந்து ஓட்டுவார், முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவார், ஓடிக்கொண்டே குனிந்து தரையில் கிடக்கும் ரூபாய்த் தாளை எடுப்பார். இடையிடையே ரெக்கார்டு டான்ஸ், குழல் விளக்கை மார்பில் உடைத்தல், குழியில் புதைந்து கிடத்தல். அன்பளிப்பு தந்தவர் பெயர் மைக்கில் ஒலிக்கும். தாள்கள் அவர் சட்டையில் ஊக்கால் குத்தப்படும்.

இந்தக் கலையின் இலக்கணம் வண்டியிலிருந்தே பிறக்கிறது. ஐரோப்பாவின் கலைமிதிவண்டிப் போட்டியில், மரத்தளத்தில் 5 நிமிடம் ஆடுகிறார்கள். அந்த வண்டியில் பெடலும் பின் சக்கரமும் விலகாமல் பிணைந்திருப்பதால் பின்னோக்கியும் ஓட்டலாம். நின்ற இடத்திலேயே நிலைநிறுத்தலாம். நம்முடையது ஃப்ரீவீல் பூட்டிய கனமான சாதா சைக்கிள். பால் கேனும் நெல் மூட்டையும் சுமக்கச் செய்தது. அதைப் பின்னோக்கி மிதித்தால் சங்கிலி சும்மா சுற்றும், வண்டி நகராது. எனவே நம் கலைஞர்கள் முன்னோக்கிய மெதுவோட்டத்திலேயே எல்லாவற்றையும் செய்தாக வேண்டியிருந்தது. வேகம் குறையக் குறையச் சமநிலை கடினமாகும். பொங்கல் விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் கலந்துகொண்ட எவருக்கும் இது தெரியும். கூட்டம் கைதட்டியது முன் சக்கரத்தைத் தூக்கியபோதுதான். உண்மையான திறமை தெரிந்தது, நான்காம் நாள் விடியற்காலையில், பார்க்க ஆளில்லாத நேரத்தில், தூக்கத்தோடு ஓட்டிய அந்த வட்டங்களில்.

குறை எங்கே? அந்தக் கயிற்றில்தான். உள்ளே ஒருவர், வெளியே ஊர். பார்த்த பையன்கள் மறுநாள் வாடகை சைக்கிள் கடைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்கு வண்டி எடுத்து, பாருக்கு அடியில் கால் விட்டுக் குரங்குப் பெடல் அடித்திருப்பார்கள். (ராசி அழகப்பனின் சிறுகதையைத் தழுவி 2024-இல் வந்த 'குரங்கு பெடல்' படம் அந்த வாடகைக் காலத்தை நன்றாகக் காட்டுகிறது.) பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கடை வாசலும் இல்லை. வட்டத்துக்குள் பெண் வந்தால் ரெக்கார்டு டான்ஸ் ஆட வந்தாள். சைக்கிள் ஓட்ட வந்தது அரிது.

புதுக்கோட்டை

1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் அந்தக் கயிற்றை அவிழ்த்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு நகருக்குள் நுழைந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஊரகப் பெண்கள் சைக்கிளைக் கைக்கொண்டதாக 1996-இல் வெளியான நூலில் பி. சாய்நாத் எழுதினார். பெண்கள் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் அவர் பதிவு செய்கிறார்.

இதை ஆட்டம் என்று சொல்லலாமா? சொல்லலாம். கொடி, மணியோசை, பாட்டு, ஒருங்கிணைந்த அசைவு, வேடிக்கை பார்க்கும் ஊர் எல்லாம் இருந்தன. மந்தைவெளி நிகழ்ச்சியில் இல்லாத ஒன்றும் இருந்தது: இன்று வேடிக்கை பார்த்தவள் நாளை வண்டியில் இருந்தாள். 2004-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தோன்றிய ஸ்ப்ராக்கெட்ஸ் என்ற பெண்கள் குழு, சிறுவர் வண்டிகளில் நடனம் அமைத்து உலகின் கவனத்தைப் பெற்றது. நடனத் தேர்ச்சியில் புதுக்கோட்டைப் பெண்கள் அவர்களுக்கு ஈடாக மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஆடியது, ஓட்டினாலே ஏச்சு விழுந்த தெருவில்.

அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற பாட்டை எழுதியவர் முத்து பாஸ்கரன். அது தங்கையை விளித்து, ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்கிறது. அண்ணன் குரலில் அறிவுரை சொல்வது நம் மேடைப் பாட்டுகளின் பழைய உத்தி. அந்தக் குரல் வீட்டாரின் சந்தேகத்தை அடக்கியது என்பது உண்மை. ஓட்டும் பெண் தானே பேசவில்லை என்பதும் உண்மை. இதைப் பாட்டின் பலவீனம் என்றே கொள்ள வேண்டும்.

தருமபுரி

தருமபுரி மாவட்டம் கூத்தின் நிலம். பாரதக் கூத்துக்கு இரவு முழுவதும் கண்விழிக்கிற ஊர்கள் இவை. 1990-களின் பிற்பகுதியில் பெண்சிசுக் கொலைக்கு எதிராகக் கலைப்பயணக் குழுக்கள் இந்த ஊர்களில் வீதி நாடகம் நடத்தின. கிருஷ்ணகிரி அப்போது பிரிந்திருக்கவில்லை. புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த அதே ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து அந்தக் கொடுமை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர். பெண் குழந்தை உயிரோடிருக்க இங்கே நாடகம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அவள் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு தொலைவு கடந்து வந்த செய்தி என்பது விளங்கும். 2011 கணக்கெடுப்பிலும் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான்: 68.5 விழுக்காடு.

இன்று மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. ஓட்டுவதற்கு வெட்கம் பெரும்பாலும் போய்விட்டது. அதனால், புதுக்கோட்டைப் பாட்டையும் ஊர்வலத்தையும் அப்படியே இங்கே மறுபடி நடத்துகிறவர்கள் தீர்ந்துபோன தடையோடு சண்டை போடுகிறார்கள். இன்றைய தடை சாலைதான். நால்வழிச் சாலையில் சரக்கு லாரிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கு இடம் இல்லை. தொப்பூர்க் கணவாயில் விபத்துச் செய்தி இல்லாத ஆண்டு இல்லை. வத்தல்மலை, சித்தேரிப் பக்கம் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். ஓட்டுகிறவளின் துணிச்சலைப் புகழ்ந்து கொண்டாடும் நிகழ்ச்சி, ஓரத்தில் ஆறடி இடம் கேட்காமல் முடிந்துவிட்டால் சாலை போட்டவர்கள் நிம்மதியாகக் கைதட்டிவிட்டுப் போவார்கள்.

பென்னாகரத்திலோ அரூரிலோ சைக்கிள் ஆட்டம் நடத்துவதானால் மைதானத்தைவிடச் சந்தை நாளின் பேருந்து நிலைய முனையே பொருத்தமான களம். மந்தைவெளிக் கலைஞரின் அந்த மெதுவோட்டமே அங்கே போதும். முப்பது மாணவிகள் சீருடையில், மணி அடித்துக்கொண்டு, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம்வரை நடக்கிறவர் வேகத்தில் போனால், பின்னால் நிற்கும் பேருந்தின் ஓட்டுநரும் தாமதமாகிற அதிகாரியும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். அந்த நிகழ்ச்சிக்குத் தனியாக அழைப்பிதழ் அடிக்கத் தேவையில்லை.