அவர் தொலைந்துபோகவே இல்லை

மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைப் பற்றி யார் எழுதினாலும் ‘1963இல் கண்டெடுக்கப்பட்டார்’ என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. 1928இல் ஓகே நிறுவனத்துக்காகப் பாடினார், இசைத்தட்டுகள் விற்கவில்லை. அவலான் ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலை பார்த்தார், 35 வருஷம். மனுஷன் எங்கேயும் போகலையே! ஊர்ப் பெயரைப் பாட்டிலேயே சொல்லியிருந்தார்; அதைப் பிடித்துக்கொண்டுதான் டாம் ஹாஸ்கின்ஸ் தேடிப் போனார்.

இரண்டு காலத்துப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கட்டைவிரல் அதே நிதானத்தில் தடித்த தந்திகளை மாற்றி மாற்றி மீட்ட, மற்ற விரல்கள் மெட்டைப் பிடிக்கின்றன. குரல்தான் கொஞ்சம் முதிர்ந்திருக்கிறது. ப்ளூஸ் என்றால் கதறணும் என்று நினைத்திருந்தேன். இவரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுற மாதிரி பாடுகிறார். நியூபோர்ட் விழாவில் பாடி மூன்றே வருஷத்தில், 1966இல் இறந்துவிட்டார்.